பதில் ஆள்

கப்பலில் வேலை செய்யும் கணவன் இருதயராஜோடு சேர்ந்து ஜெசிந்தா தினமும் மாலையில் கணினி விளையாட்டில் ஒரு வீடு கட்டிவந்தாள். அந்த விளையாட்டை இயக்கும் சர்வர் அவள் பொறுப்பு. கடலில் இணைப்பு அடிக்கடி அறுந்ததால், வராதவருக்குப் பதிலாக அவரைப் போலவே விளையாடிப் பேசும், இன்னும் சோதனையில் இருக்கும் வசதியை அவளே முடுக்கிவிட்டிருந்தாள்.

எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிறவன், அதன்பின் சண்டையே போடவில்லை. அவன் கட்டிய சுவரை வேண்டுமென்றே இடித்துப் பார்த்தாள்.

"உன் இஷ்டம்மா" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வராத வார்த்தை. பேசுவது அவனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. சட்டென்று அந்த வசதியை அணைத்தாள். எதிரே கல் அடுக்கிக்கொண்டிருந்த அவன் உருவம் மறைந்தது.

உடனே போன் அடித்தது. இருதயராஜின் குரல் இரைச்சலே இல்லாமல் கேட்டது.

"ஏன் நிறுத்துன? லைன் நல்லாத்தான் இருக்கு, வேணும்னுதான் வராம பாத்துட்டிருந்தேன். என்னைவிட அது உங்கிட்ட நல்லாத்தானே பேசுச்சு?"

"அதனாலதான் நிறுத்துனேன். நீங்களே வந்து சண்டை போடுங்க."