கூலிச் சாப்பாடு

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் தே-ஹூனின் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பன்றி எலும்பு சூப்புக்குப் பேர்போன புசான் நகரச் சந்து ஒன்றில் ஒரு கடைக்குள் நுழைந்தான்.

"அக்கா, சாப்பாட்டுக் கடைகளப் பத்தி இன்டர்நெட்ல பிளாக் எழுதுற ஆள் நான்தான்."

"இருக்கட்டும், உக்காருங்க தம்பி."

சூப்பும் சோறும் வந்தன. சூப் ஆறிப்போகும் வரை விதவிதமாகப் படமெடுத்துவிட்டுத்தான் கரண்டியைத் தொட்டான்.

"பிளாக்ல நெசமாவே காசு வருமா?" கடைக்கார அக்கா கேட்டாள். "எங்க வீட்டுக்காரர் கப்பல் பட்டறை வேலைய விட்டுட்டு அதுல எறங்கப் போறேன்னு நிக்கிறாரு. புதுசா வர்றவங்க அத நம்பி எறங்கலாமா?"

"கண்ண மூடிட்டு நம்பலாம்க்கா. நான் சென்ட்ரிங் வேலைய விட்டு ஆறு மாசமாச்சு. இடுப்பு வலியே போச்சு."

"காசு?"

"இந்தச் சாப்பாடே கூலிதானே. நாலு வரி நல்லதா எழுதினா கடைக்காரங்க சும்மா போடுவாங்க."

"யார் போடுறாங்க?"

"நீங்கதான். அசல் கடைன்னு பேர் போட்டு மெசேஜ்ல கூப்பிட்டிருந்தீங்களே." கிண்ணத்தை வழித்துக்கொண்டே சொன்னான்.

அவள் மேசையைத் துடைத்தாள். "இந்தச் சந்துல ஒம்பது கடை தம்பி. ஒம்பது போர்டுலயும் அசல் கடைன்னுதான் பேரு. நான் யாரையும் கூப்பிடல."

தே-ஹூன் சட்டைப்பையைத் தடவினான். பஸ் அட்டை மட்டும் இருந்தது.

அவள் அடுப்பங்கரைப் பக்கம் குரல் கொடுத்தாள். "ஏங்க, நாளைக்குப் பட்டறைக்குக் கிளம்புங்க. தம்பி விவரமாச் சொல்லிட்டாரு."

பிறகு அவனிடம் திரும்பினாள். "சென்ட்ரிங் வேலைக்குப் போனதும் கொண்டாந்து குடுங்க. ஒம்பதாயிரத்து ஐநூறு வோன் பாக்கி."