பன்னிரண்டாயிரத்துக் கை

ரத்னபாய் தோற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆயிரம் புள்ளி, எதிரே உட்கார்ந்திருந்த கணவர் சுவாமிதாசுக்கு ஏழாயிரம். முதலில் எட்டாயிரம் தொடுபவர் சொல்தான் வீட்டில் செல்லும்.

1956 நவம்பர் முதல் தேதி மாநில எல்லை மாறப்போகிறது. மதராசோடு சேரும் விளவங்கோட்டுக்கு மாற்றல் கேட்டு, பஸ் கண்டக்டர் சுவாமிதாஸ் எழுதிய மனு சட்டைப்பையில் இருந்தது. இன்று ஐந்து மணிக்குள் நெய்யாற்றின்கரை ஆபீசில் கொடுக்காவிட்டால் செல்லாது. எல்லைப் போராட்டத்தை வேடிக்கை பார்க்கப் போய் ஒரு தடியடி வாங்கியதிலிருந்து அவர் அசல் தமிழ் வீரர்.

அவளோ கேரளத்தில் நிற்கப்போகும் பாறசாலையை விட்டு நகரமாட்டேன் என்றாள். கட்டிக்கொடுத்த மகள் பக்கத்தில் திருப்புறத்தில், ஏழு மாதக் கர்ப்பிணி. தாய் எப்படிப் போவாள்?

பேசித் தீரவில்லை. பினாங்கில் இருந்தபோது ஜப்பான்காரன் ஒருவனிடம் படித்த மாஜாங் ஆட்டத்தில் தீர்த்துக்கொள்வதென்று, மதியச் சோறு ஆனதும் காய்ப்பெட்டியைத் திறந்தார்கள். பதினாலு காய் பொருத்தமாகச் சேர்ந்தால் ஒரு கை; கை அரிதாக அரிதாகப் புள்ளி கூடும்.

அவள் வேண்டாத காய் ஒன்றை எறிந்தாள். சுவாமிதாஸ் துள்ளினார்.

"எட்டி, இது எனக்க காயாக்கும்! கை சேந்தாச்சு!"

"எவ்வளவு வரும்?"

"ஆயிரம். அது போதுமே!"

"போதும்தான். தடியடி வாங்கின ஆளு பிச்சை ஆயிரத்துக்கு ஜெயிச்சாருண்ணு நான் ஆரிட்டயும் சொல்லமாட்டேன்."

அவர் அந்தக் காயைத் தொடவில்லை. "கை முழுக்க மூங்கில் படம் போட்ட காயா சேத்து பன்னிரண்டாயிரம் எடுத்துக் காட்டுறேன், பாரு!"

பெரிய கை லேசில் அமையுமா? இரண்டு ஆட்டம் யாருக்கும் சேராமலே முடிந்தது. ரத்னபாய் ஒவ்வொரு காய்க்கும் கன்னத்தில் கைவைத்து யோசித்தாள். நடுவே எழுந்துபோய் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டு வந்தாள். பாவம், பயந்துவிட்டாள் என்று அவருக்கு இரக்கமே வந்தது.

பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கூச்சலோடு வாசலைக் கடந்து போனார்கள். "சத்தம் போடாதீங்கலே!" என்று காயிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினார் சுவாமிதாஸ்.

ஒருவழியாகக் கடைசி மூங்கில் வந்தது. பதினாலும் மூங்கில்!

"பன்னிரண்டாயிரம்! நான் ஜெயிச்சாச்சு! சைக்கிளை இறக்கு, மனுவைக் குடுத்துட்டு வாறேன்!"

ரத்னபாய் காய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"பைய போங்க. ஆபீஸ் பூட்டி அரை மணிக்கூர் ஆச்சு."