தொண்ணூறு நாள் கேரண்டி

"ஹம்தியை நேத்து டை கட்டிக்கிட்டு வேற கம்பெனி வாசல்ல பார்த்தேன்" என்று ஃபிக்ரி சொன்னதும் நெர்மீன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"நல்லாப் பார்த்தீங்களா பாஸ்?"

"எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு? அவனேதான். கையில ஃபைல் வேற. இன்னிக்கு எத்தனையாவது நாள்?"

"எண்பத்தாறு."

"இன்னும் நாலு நாள் இருக்கு. அதுக்குள்ள ஓடிட்டான்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சித் தொழிலில், ஃபிரிட்ஜுக்கு இருப்பது போல ஆளுக்கும் கேரண்டி உண்டு. சேர்ந்தவர் தொண்ணூறு நாளைக்குள் விலகினால் அனுப்பியவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஹஜ் ஷௌகி என்ற முதலாளியின் டைல்ஸ் கம்பெனி கெய்ரோவில் புதிதாக ஆறு ஷோரூம் திறக்கப் போகிறது. அந்தக் கம்பெனியின் கிடங்குக்கு மேனேஜராக நெர்மீன் அனுப்பிய ஹம்தி தாக்குப்பிடித்துவிட்டால், ஆறு ஷோரூமுக்கும் ஆள் எடுக்கும் வேலை அவளுக்கு. கூடவே டீம் லீடர் நாற்காலியும். ஓடிவிட்டால் இரண்டும் எதிர் ஏஜென்சிக்காரன் வாயில்.

அந்தக் கிடங்கில் யாரும் நிலைத்ததில்லை. ஹஜ்ஜின் தம்பிக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிவார். முன்னால் போன மூன்று பேரும் ஒரு மாதம் தாண்டவில்லை. இதெல்லாம் நெர்மீனுக்கு நன்றாகத் தெரியும். ஹம்தியிடம் மட்டும் சொல்லவில்லை. "குடும்பம் மாதிரிப் பழகுவாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். எந்த மாதிரிக் குடும்பம் என்று அந்த அப்பாவி கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை தவிர தினமும் காலை ஒன்பது மணிக்கு அவருக்கு ஒரு போன். ஆள் வேலைக்குப் போய்விட்டாரா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்றைக்கும் போட்டாள்.

"உஸ்தாஸ் ஹம்தி, காலையில சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு மேடம். ஃபூல் பயறும் ரொட்டியும்."

"ஊர்ல, மின்யாவுல, அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு? சொட்டு மருந்து ஒழுங்கா விடுறாங்களா?"

"விடுறாங்க மேடம். நீங்க விசாரிச்சதாச் சொன்னேன். உங்களுக்காக துஆ செஞ்சாங்க."

"வேலையெல்லாம்?"

அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள். ஏதோ உடைந்தது.

"போகுது மேடம்."

அவள் போனை வைத்ததும் ஃபிக்ரி சிரித்தார். "கட்டிக் கொடுத்த பொண்ணைக்கூட யாரும் இப்படித் தினம் விசாரிக்க மாட்டாங்கம்மா!"

"கட்டிக் கொடுத்த பொண்ணு திரும்பி வந்தா ஷோரூம் போகாதே பாஸ்."

எண்பத்தேழாம் நாள் நாலு தடவை அடித்த பிறகுதான் ஹம்தி எடுத்தார். அந்தப் பத்து நிமிடத்தில் நெர்மீன் ஆபீஸை எட்டு முறை சுற்றி வந்துவிட்டாள். எண்பத்தெட்டாம் நாள் போனை நம்பிப் பயனில்லை என்று, ஒரு பெட்டி பஸ்பூசா இனிப்போடு டாக்ஸி பிடித்துக் கிடங்கு வாசலுக்கே போய்விட்டாள்.

"அடிக்கடி வேலை மாறினா பேர் கெட்டுடும் உஸ்தாஸ் ஹம்தி. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஹம்தியின் நெற்றியில் ஒரு பிளாஸ்திரி இருந்தது. தினமும் சாப்பாட்டை விசாரிப்பவள் அதை மட்டும் விசாரிக்கவில்லை.

"கவலைப்படாதீங்க மேடம்" என்றார் ஹம்தி. "டாக்ஸிக்கு வேற செலவு பண்ணிக்கிட்டு வந்தீங்களே."

அது எந்த அர்த்தத்தில் சொன்ன 'கவலைப்படாதீங்க' என்று புரியாமல் அவள் இரண்டு நாள் தூங்கவில்லை.

தொண்ணூறாம் நாள் சாயங்காலம் ஹம்தி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பியாயிற்று என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணி வந்தது, போனது. நெர்மீன் நிம்மதியாக டீ குடித்தாள். ஒன்பதரைக்கு ஹம்தியின் பெயர் போனில் மின்னியது. போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடியும் அடித்தது.

"எடுக்கலையா?" என்றார் ஃபிக்ரி.

"வேற வேலை பார்த்துக் கொடுன்னு கேப்பாரு. கேரண்டிதான் முடிஞ்சுபோச்சே, விடுங்க பாஸ்."

பதினோரு மணிக்கு டைல்ஸ் கம்பெனி எச்.ஆர். சுஆத் கூப்பிட்டாள். இருவரும் வாடி போடி சிநேகிதம்.

"நெர்மீன், உன் ஹம்தி ராஜினாமா கொடுத்துட்டார்டி."

"ஐயோ பாவம். ஆனா தொண்ணூறு நாள் முடிஞ்சிருச்சு, ஞாபகம் வச்சுக்கோ."

"யாருடி இல்லைன்னா? ஹஜ்ஜும் ஒத்துக்கிட்டார். ஆறு ஷோரூமும் உனக்குத்தான்."

நெர்மீன் ஃபிக்ரியைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள்.

"ஆனா ஒண்ணு கேளு" என்றாள் சுஆத். "பத்தாம் நாளே ராஜினாமாக் கடிதத்தோட எங்கிட்ட வந்தார் அந்த மனுஷன். இப்பப் போனீங்கன்னா உங்களை அனுப்பின நெர்மீனுக்குத்தான் கெட்ட பேருன்னு சொன்னேன். பேசாம கடிதத்தை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டார். புது வேலை போன மாசமே கிடைச்சாச்சு. அங்க டை கட்டிக்கிட்டுப் போனதே, 'இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்குங்க'ன்னு கெஞ்சத்தான்."

"ஏன் அப்படி?"

"நானும் கேட்டேன். 'இந்த ஊர்ல நான் சாப்பிட்டேனான்னு கேக்கிற ஒரே ஆள் அவங்கதானே'ன்னு சொல்றார்."

நெர்மீன் உயர்த்தியிருந்த கட்டை விரலை இறக்கினாள்.

"அது கிடக்கட்டும், நீ நல்லாத்தானே இருக்கே?" என்றாள் சுஆத்.

"ஏன் கேக்கிறே?"

"ரெண்டு தடவை அடிச்சும் நீ எடுக்கலையாமே. 'ஒன்பது மணிக்கு மேடம் போன் வரல, உடம்புக்கு என்னமோன்னு பயமா இருக்கு, கேட்டுச் சொல்லுங்க'ன்னு, புது வேலைக்குக்கூடப் போகாம இங்கேயே நிக்கிறார்."