கிட்ட வராதே!

"நிறுத்துய்யா, டெல்பர்ட்!"

மார்லீன் கத்தியதும் கிரேன் அப்படியே நின்றது. யுரேனியத்தைச் செறிவூட்டியபின் மிஞ்சிய நஞ்சை அடைத்த பழைய சிலிண்டர்களை, அந்த நஞ்சைத் தூளாக்கும் ஆலைக்கு அனுப்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஒழுகுதா?"

"அதைவிட மோசம். கிட்ட வராதே! மேனேஜரைக் கூப்பிடு."

ஓடிவந்த மேனேஜர், துருப்பிடித்த சிலிண்டருக்கடியில் குனிந்து பார்த்தார். முகம் வெளிறியது.

"யாராவது தொட்டீங்களா?"

"இல்ல சார்."

"இந்த வரிசைக்கே கயிறு கட்டுங்க. ஒரு மாசம் யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது."

கிரேனிலிருந்து இறங்கிவந்த டெல்பர்ட்டும் குனிந்து பார்த்தான். கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"முப்பது வருஷமா இந்த விஷத்துக்குப் பக்கத்துலயே நிக்கிறேன். எனக்காக ஒருநாளாவது வேலையை நிறுத்தியிருக்கீங்களா?"

"மெதுவாப் பேசுய்யா, ஆள்காட்டிக் குருவி அடைகாக்குது. கலைச்சா பறவைப் பாதுகாப்புச் சட்டத்துல நம்ம மேல கேஸ்," என்றார் மேனேஜர். "உனக்காகவும் நிறுத்தணும்னா, நீயும் முட்டை போடு!"