நகராத பெஞ்சு

சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்மூடிக் காத்திருப்பவர்களுக்கு அந்தக் கண் மருத்துவமனையில் மணியோசைதான் கணக்கு. டாக்டர் உள்ளே பொத்தானை அழுத்தினால் கூடத்துச் சுவரில் உள்ள ஒலிபெருக்கியில் மணி ஒலிக்கும். முதல் ஆள் எழுந்து போக, பெஞ்சில் மற்றவர்கள் ஆளுக்கொரு இடம் நகர்ந்து உட்காருவார்கள். அன்று காலை கணினியில் வேண்டாதவற்றைக் கழிக்கும்போது, அந்த மணியோசைக் கோப்பையும் கணினியைக் கவனித்துக்கொள்ளும் தில்ஷாத் கைதவறி அழித்துவிட்டாள். பதறவில்லை. மணியோசையும் சேர்ந்து வந்த லினக்ஸ் மென்பொருள் தொகுப்பை முழுதாக மறுபடி நிறுவாமல், அதைப் பிரித்து அந்த ஒரே கோப்பை மட்டும் உருவிப் பழைய இடத்தில் வைத்தாள். டாக்டர் பொத்தானை அழுத்தினார். மணி ஒலித்தது. பெஞ்சு அசையவில்லை.

“மணி அடிச்சிருச்சும்மா, உள்ள போங்க” என்றாள், முதலில் இருந்த அம்மாளிடம்.

“இது நம்ம மணி இல்லையே” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். “நம்மளது கடைசியில லேசா இழுக்கும்ல.”

தொகுப்போடு வந்த மணி இதுதான். அதில் சந்தேகமே இல்லை. அப்படியானால் இத்தனை நாள் ஒலித்ததை யார், எங்கிருந்து பிடித்து வந்து வைத்தார்கள்? நர்சுகளைக் கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போது ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த மைனா கழுத்தைப் புடைத்துக்கொண்டு ஒரு குரல் கொடுத்தது. கடைசியில் லேசாக இழுத்தது. அம்மாள் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே டாக்டர் அறைக்குள் போனார். பெஞ்சு மொத்தமும் ஓர் இடம் நகர்ந்தது.

தில்ஷாத் குரலைப் பதிவு செய்ய போனை எடுத்துக்கொண்டு மெல்ல ஜன்னலை நெருங்கினாள். மைனா வாயை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, சுவரில் இருந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தது.