நடுக்கடலில் நின்ற ஸ்கூட்டர்

மணமேல்குடிக் கடலில் மெய்யம்மை ஓட்டிப்போன வாட்டர் ஸ்கூட்டர் தூரத்தில் நின்றுவிட்டது. தனியாகப் போகாதே என்று எங்கள் தெருவே சொன்னது. கேட்டால்தானே!

கரையில் அவள் புருஷன் லக்ஷ்மணன் கத்திக்கொண்டிருந்தார். “வீட்டுச் சாவி எங்கடி? என் மாத்திரை எங்கடி?” பெண்டாட்டி பிழைப்பாளா என்று ஒரு வார்த்தை இல்லை.

ஓட்டக் கற்றுத்தரும் ரகுநாத் இன்னொரு ஸ்கூட்டரை எடுத்தார். நான் விடுவேனா? லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறிவிட்டேன்.

“இடுப்பை இறுக்கிப் பிடிங்கக்கா. நான் சாயுற பக்கமே சாயுங்க.”

போய்ப் பார்த்தால், மெய்யம்மை காலை நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறாள்.

“ரிப்பேராடி?” என்றேன்.

“இல்லடி. தம்பி, விழுந்தா எஞ்சின் தானா நிக்கணும்னு மணிக்கட்டுல ஒரு கயிறு மாட்டிவிட்டீங்கள்ல? அதை நான்தான் உருவினேன்.”

“ஏன்க்கா?” ரகுநாத் திகைத்தார்.

“இங்கிட்டு வந்து யாரும் என்னைக் கூப்பிட முடியாதுல்ல. இப்படிச் சும்மா உட்கார்ந்து இருபத்தாறு வருஷமாச்சு.”

திரும்பிப் பார்த்தேன். கரையில் என் வீட்டுக்காரரும் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுவது தெரிந்தது. பசி வந்திருக்கும்.

“தம்பி, நம்ம கயித்தையும் உருவிடுங்க” என்றேன்.