கதவுக்கு இந்தப் பக்கம்

எஸ்தருக்குக் காது கேட்காது. அவளோடு சேர்ந்து வாழும் பவளக்கொடிக்கு, யாரும் பேசாத குரல்கள் எல்லாம் கேட்கும். அன்று காலை அந்தக் குரல்களுக்குப் பயந்து பவளக்கொடி குளியலறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டாள். உள்ளே அழுகிறாளா, விழுந்து கிடக்கிறாளா என்று தெரிந்துகொள்ள எஸ்தருக்கு வழியில்லை. உள்ளங்கையைக் கதவில் பதித்துப் பார்த்தாள். மரம் சும்மா இருந்தது.

மேலேறி வந்த வீட்டுக்காரம்மா போனை எடுத்தாள். “போலீசக் கூப்பிடுறேன்” என்று அவள் உதடு அசைந்தது.

“வேணாங்க்கா” என்றாள் எஸ்தர். “போன தடவ, ரெண்டு பொம்பளைங்க குடித்தனமான்னு சிரிச்சாங்க. என்ன சாதின்னு கேட்டாங்க. அவ கையக் கட்டித்தான் தூக்கிட்டுப் போனாங்க.”

“உள்ள சத்தமே இல்லையேம்மா. ஏதாச்சும் ஆயிட்டா?”

எஸ்தர் தரையில் உட்கார்ந்து கன்னத்தைக் கதவோடு அழுத்தினாள். சைகை கண்ணுக்குத் தெரியாத இருட்டில் இருவரும் விரலால் தட்டிப் பேசிக்கொள்வதுபோலக் கதவில் தட்டினாள்: நான் இங்கதான் இருக்கேன். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள்.

கன்னத்தடியில் மரம் உள்பக்கத்திலிருந்து லேசாக அதிர்ந்து நின்றது.

எஸ்தர் வீட்டுக்காரம்மாவின் போன் இல்லாத கையை இழுத்துக் கதவின்மேல் வைத்தாள். வீட்டுக்காரம்மா போனைக் கீழே வைக்கவில்லை. கதவிலிருந்து கையையும் எடுக்கவில்லை.